லீவு விட்டாச்சு, பொம்மைச் சாக்கை இறக்கு!

காலாண்டு லீவு விட்டதும் பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்கத்தான் போகிறார்கள் தங்கச்சி. அந்தக் கையோடு பரணில் கிடக்கும் பொம்மைச் சாக்கையும் இறக்கிவிடு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போகும்போதெல்லாம் திருவிழாக் கடையில் வாங்கிய காரும் ஜீப்பும் சொப்புச் சாமானுமாக, நம்ம மம்சாபுரத்தில் பல வீட்டில் அப்படி ஒரு சாக்கு இருக்கும். அக்டோபர் 2 முதல் 8 வரை நாடு முழுக்க ‘தான் உத்சவ்’ என்று, கொடுப்பதற்கென்றே ஒரு வாரம் கொண்டாடுகிறார்கள்; 2009-ல் தொடங்கிய வழக்கம். நம் பிள்ளைகளின் லீவை ஒட்டியே வருவதால், பொம்மைகளைக் கொடுக்க நமக்கும் தோதுதான்.

பிள்ளை தெருவில் விளையாடப் போன நேரம் பார்த்து நீயாக அள்ளிக் கொடுத்துவிடாதே. எதைக் கொடுப்பது என்று அவனே எடுக்கட்டும். “எல்லாத்தையும் குடுத்துருவோமா?” என்றால் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். “பால்வாடியில இருக்கிற தம்பிக்கு இதுல எது பிடிக்கும்? நீயே சொல்லு” என்று கேட்டுப் பார், பெரிய மனுஷனாகிவிடுவான். கொடுக்க மனசு வராததை வீட்டிலேயே விட்டுவிடு. அழவைத்துப் பிடுங்கிக் கொடுப்பதில் யாருக்கு என்ன சந்தோஷம்?

சக்கரம் போன கார், கை போன பொம்மை எல்லாம் பழைய பிளாஸ்டிக் எடுக்க வருகிறவருக்கு. கேரம் போர்டு கொடுப்பதென்றால் உட்கார்ந்து எண்ணு: வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1, ஸ்ட்ரைக்கர். சிவப்பைக் காணோம் என்றால் புதுக் காய் ஒரு செட் வாங்கிப் போடு. சிவப்பு இல்லாத கேரமை உன் பிள்ளை ஆடுவானா? செஸ் என்றால் 32 காயும் வேண்டும். எண்ணியதைத் துணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, போர்டோடு சேர்த்து வை.

பிளாஸ்டிக் சாமானை சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். துணி பொம்மையைப் பழைய தலையணை உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுத் துவை, நல்ல வெயிலில் உள்வரை காயட்டும். அம்பாசமுத்திரம் மரச் சொப்பாக இருந்தால் ஊறப்போடாதே, ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பெயின்ட் உரிந்திருந்தால் அது சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், வாயில்தான் போகும். 3 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கோலிக்குண்டு, சோழி என்று 3 சென்டிமீட்டருக்குள் அடங்கும் எதுவும் கூடாது. பொத்தான் பேட்டரி போட்ட பொம்மையில் மூடியின் திருகாணி இறுக்கமாக இருக்கிறதா பார். அந்தப் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும், விளையாட்டில்லை. புதிதாக வாங்கிக் கொடுப்பதென்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கு; 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கும் அது கட்டாயம்.

எங்கே கொடுப்பது? உன் தெரு அங்கன்வாடியே போதும். போவதற்கு முந்தின நாள் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். 10 கரடி பொம்மை வேண்டாம், ஒரு பந்தும் கட்டை அடுக்கும் போதும் என்பார்கள். காப்பகத்துக்கு என்றால் விருதுநகரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்துவிட்டுப் போ. காப்பகத்தில் செல்போனைப் பையை விட்டு எடுக்காதே. காப்பகத்துப் பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி படம் போடுவது 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடு, பொம்மை வாங்கக் கை நீட்டும் பிள்ளையை ஸ்டேட்டஸில் போடுவது நன்றாகவா இருக்கிறது?

கொடுத்ததும் ஓடி வந்துவிடாமல் கொஞ்ச நேரம் இரு. அந்தக் காரை எப்படிப் பின்னால் இழுத்து விட்டால் ஓடும் என்று உன் மகனே காட்டிக் கொடுக்கட்டும். ஆனால் “இதுக்குப் பதிலா புதுசு வாங்கித் தாரேன்” என்று மட்டும் சொல்லிவிடாதே. வருகிற வழியில் பால்கோவா கேட்டால் வாங்கிக் கொடு, அது வேற கணக்கு.