என்6 போதும்

மன்னார்குடியில் விவசாயம் செய்கிறேன். ஹூண்டாய் ஐ20 என் லைன் வாங்க ரொம்ப நாள் ஆசை. என்6 எடுக்கலாமா, என்8 எடுக்கலாமா? சாதாரண ஐ20-யே போதும் என்கிறார் என் மனைவி.
— வாசகர், மன்னார்குடி

தாராளமாக என் லைன் எடுங்கள். அதிலும் என்6 போதும். சாதாரண ஐ20 மேனுவலின் 1.2 லிட்டர் என்ஜின் தருவது 83 பிஎஸ். என் லைனில் 1 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர் டார்க். தஞ்சாவூர் ரோட்டில் வைக்கோல் லாரியை முந்தும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

என்ஜின், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 6 ஏர்பேக் எல்லாம் என்6, என்8 இரண்டிலும் ஒன்றுதான். என்8-இல் கூடுதலாகக் கிடைப்பது 10.25 அங்குலத் திரை, போஸ் ஸ்பீக்கர் போன்றவை. அதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் கொடுப்பது வீண்.

கியரில் 6 ஸ்பீடு மேனுவலே என் தேர்வு. முகூர்த்த நாளில் கும்பகோணத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து போனால் டிசிடி ஆட்டோமேட்டிக்கின் கிளட்ச் சூடாகிவிடும்.

ஒன்று முக்கியம். தை, மாசியில் நம் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லும் வைக்கோலும் காயும். அவற்றின்மேல் பிரேக் மிதித்தால் எந்த வண்டியும் வழுக்கும்; முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். அடியில் சுற்றிய வைக்கோலை உடனே குச்சியால் இழுத்துப் போடுங்கள்.

சஸ்பென்ஷன் சற்று இறுக்கம். புக் செய்யும் முன் வீட்டம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, உங்கள் கிராமத்து ரோட்டிலேயே டெஸ்ட் டிரைவ் போய் வாருங்கள்.