சிறுதேர் செய்முறையும் அதற்கு முதுமை ஏற்றும் விதமும்

திருத்தேர் என்பது எம்பெருமானின் நடமாடும் திருக்கோயில். மானஸாரம் என்னும் சில்ப சாஸ்திரம் ரத லக்ஷணத்திற்கென்றே தனி அத்தியாயம் வகுத்துள்ளது. தேரைச் சிறிதாகச் செய்து மகிழ்வதும் நமக்குப் புதிதன்று. பட்டினப்பாலை சிறுவர்களின் மூன்று சக்கரச் சிறுதேரைக் கூறுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர் உருட்டலேயாம். நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.

இதனை விளையாட்டென்று தள்ளலாகாது. பல ஊர்களில் பழந்தேர்கள் ஓட்டமின்றிக் கொட்டகையிலே செல்லரித்துக் கிடக்கின்றன. அவை உதிருமுன் அளந்து ஒரு சிறுதேர் செய்து வைத்தால், நாளை புதுத்தேர் செய்ய வரும் ஸ்தபதிக்கு அது சாட்சியாய் நிற்கும்.

அளவே பிரதானம். சாஸ்திரப்படி எட்டு யவை ஓர் அங்குலம். இருபத்துநான்கு அங்குலம் ஒரு முழம். ஆகவே முழத்தை அங்குலமாகச் சுருக்குக. பெருந்தேரின் மூன்று அங்குலம் சிறுதேரில் ஒரு யவையாகும். மூன்றின் மடங்கான அங்குலங்களுக்குக் கணக்கில் பின்னம் வாராது. பன்னிரண்டு முழம், அதாவது பதினெட்டு அடி உயரமுள்ள தேர், இக்கால அளவில் ஒன்பது அங்குலமாய் அமையும். சக்கரம், அச்சு, தேவாசனம், சிம்மாசனம், கொடுங்கை யாவும் இவ்வொரே கணக்கில் வரவேண்டும். கண்ணுக்கு அழகென்று சக்கரத்தை மட்டும் பெரிதாக்குவோர் உளர். அது பொம்மை, பிரதிமானமன்று. பெருந்தேருக்கு இலுப்பை சிறந்தது. சிறியதற்கு நெருங்கிய இழையுள்ள எம்மரமும் ஆகும்.

இனி முதுமை. புது மரம் பழந்தேரின் தோற்றத்தைத் தாராது. இதற்கு நம் கல்வராயன் மலைக் கடுக்காயே போதும். கடுக்காயை இடித்து நீரில் ஊறவைத்து வடித்து, மரத்தில் பூசி உலர்த்துக. துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த காடியில் சில நாள் இட்டு, அந்நீரை மேலே தடவுக. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கருமை பிறக்கும். அக்கால எழுத்து மையும், கலம்காரித் துணியின் கறுப்பும் இவ்வழியே வந்தவைதாம். முதலில் துண்டு மரத்தில் பூசிப் பார்ப்பது உத்தமம்.

எங்கும் ஒரே கறுப்பாக அடிப்பது பிழை. தேர் எவ்வாறு மூத்தது என்று சிந்திக்க வேண்டும். வெயிலும் மழையும் படும் விளிம்பு சாம்பல் நிறமாய் வெளுக்கும். கொடுங்கையின் அடிப்புறம் நனையாமையால் பழுப்பாகவே நிற்கும். நீர்த்தாரை மேலிருந்து கீழாகவே இறங்கும். அச்சருகே எண்ணெய்க்கறை, சக்கர விளிம்பில் முட்டுக்கட்டை உராய்ந்த தழும்பு, வடம் பிணைக்கும் வளையத்தில் தேய்வு. பக்தர் கை எட்டும் உயரத்துச் சிற்பங்களோ தொட்டுத் தொட்டு மெருகேறியிருக்கும். அங்கே கருமையைத் துணியால் துடைத்து, துளி இலுப்பையெண்ணெய் இட்டுத் தேய்க்கவும்.

பிரதிஷ்டை செய்த விக்ரஹத்திற்கு இவ்வேலை கூடவே கூடாது. ஜீர்ணம் அங்கே தோஷம், ஜீர்ணோத்தாரணமே விதி. சிறுதேர் பூஜைக்குரிய பேரமன்று, ஆதலால் தடையில்லை.

ஒன்று மட்டும் அவசியம். தேர்ச்சிற்பங்களைப் பெயர்த்து விற்போரும், புதியதைப் பழையதென்று விற்போரும் உலகில் உண்டு. நூறாண்டு கடந்த சிற்பங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆதலின் சிறுதேரின் அடிப்பலகையில், கருமை பூசுமுன்னரே, செய்தவர் பெயர், ஆண்டு, எந்த ஊர்த் தேரின் அளவு என்பவற்றை ஆழமாகச் செதுக்கிவிடுக.