‘வீட்டுக்குத் தூரம்’: பழைய வழக்கமும் இன்றைய உடல்நலமும்

மாதவிடாயை நம் முன்னோர் பல பெயர்களால் குறித்தனர். ‘பூப்பு’ என்பது மலர்தலைச் சுட்டும். ‘மாதவிலக்கு’, ‘வீட்டுக்குத் தூரம்’ ஆகியன விலகியிருத்தலைச் சுட்டும். ‘தீட்டு’ என்பது தூய்மையின்மையைச் சுட்டும். இந்த நிகழ்வைத் தமிழர் எல்லாக் காலத்திலும் ஒரே விதமாகக் கருதவில்லை என்பதை இச்சொற்களே காட்டுகின்றன.

விலகியிருக்கும் வழக்கம் தொன்மையானது. மாதவிலக்கான மகளிர் முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது ஒதுங்கி நிற்பதைப் புறநானூற்றின் 299ஆம் பாடல் உவமையாகக் கூறுகிறது. தொல்காப்பியக் கற்பியலோ, பூப்பினை அடுத்த 12 நாள்களில் தலைவன் தலைவியைப் பிரிந்து உறைதல் கூடாது என்கிறது; அது கருத்தோன்றும் காலம் என்பது உரையாசிரியர் விளக்கம். பிற்காலத்தில் சித்தர் சிவவாக்கியர், தீட்டென்று ஒதுக்கப்படும் உதிரத்திலிருந்தே மனித உடல் உருவாகிறது என்று வாதிட்டார். இக்காலத்தில், மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயிலில் மாதவிடாய்க் காலத்திலும் பெண்கள் வழிபடுகின்றனர்.

தனித்து வைப்பது சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளைத்துள்ளது. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது, பட்டுக்கோட்டைப் பகுதியில் பூப்பெய்தியதால் தனிக்குடிசையில் தங்க வைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருவர், தென்னை மரம் சாய்ந்து விழுந்ததில் உயிரிழந்தார்.

உடலில் நிகழ்வது என்ன?

கருவைத் தாங்குவதற்காகக் கருப்பையின் உட்படலம் மாதந்தோறும் தடிக்கிறது. கரு தங்காதபோது அப்படலம் குருதியுடன் வெளியேறுகிறது. அது ‘கெட்ட இரத்தம்’ அன்று. உடலில் ஓடும் அதே குருதியே. பொதுவாக 21 முதல் 35 நாள்களுக்கு ஒரு முறை வந்து, 2 முதல் 7 நாள்கள் நீடிக்கும்.

கிரிவலமும் மாத்திரையும்

பௌர்ணமி கிரிவலத்திற்கும் கார்த்திகைத் தீபத்திற்கும் முன்பாக, மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி உட்கொள்ளும் பெண்கள் உளர். கோயிலுக்குச் செல்வதும் தவிர்ப்பதும் அவரவர் நம்பிக்கை. எனினும், அம்மாத்திரை ஹார்மோன் மருந்தாகும். இரத்தக்குழாயில் உறைகட்டி ஏற்பட்டவர், கல்லீரல் நோயுள்ளவர், மார்பகப் புற்றுநோய் கண்டவர் ஆகியோருக்கு அது தீங்கு விளைக்கலாம். ஆதலின் மருத்துவரின் ஆலோசனையின்றி உட்கொள்ளாதீர்கள். உட்கொண்ட பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினாலோ, உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

‘தூரமாக இருக்கிறாள்’ என்று மருத்துவமனை வருகையைத் தள்ளிப்போட வேண்டாம். வழக்கமான மருந்துகளையும் நிறுத்த வேண்டாம். உதிரப்போக்கு 7 நாள்களைக் கடந்தாலோ, மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற நேர்ந்தாலோ, பெரிய கட்டிகளாக வெளியேறினாலோ, மாதவிடாய் நின்ற பின் மீண்டும் உதிரம் கண்டாலோ, மருத்துவரிடம் காட்டுங்கள். அந்நாள்களில் பெண்ணுக்கு வேண்டுவன தூய துணி அல்லது நாப்கின், நீராடும் வசதி, இரும்புச்சத்துள்ள உணவு, விரும்பினால் ஓய்வு. இவற்றை வீட்டுக்குள்ளேயே, எல்லோருடனும் இருந்தபடியே அவர் பெறலாம்.