சுட்டு வீழ்த்திய புறா ஹலாலா?

கோட்டக்குப்பத்தை அடுத்த இடையஞ்சாவடிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில், நமது நண்பர் ஒருவர் தம் தோழரோடு ஏர்கன் எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுதும் புறா சுட்டார். நான்கு புறாக்களோடு வீடு திரும்பினார். சட்டியை அடுப்பிலேற்றும் முன் அவருடைய மனைவியார், “இவை உயிரோடிருக்கும்போது அறுத்தவைதானா?” என்று கேட்டிருக்கிறார். பதில் தெரியாமல் நண்பர் நம்மிடம் வந்தார். அந்த அம்மையாரின் கேள்வி ஒவ்வொரு முஸ்லிம் வீட்டிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆகவே நான்கு புறாக்களின் சட்டத்தையும் தனித்தனியே விளக்குவோம்.

முதற் புறா குண்டு பட்டதும் மரத்திலேயே செத்து விழுந்தது. இதை உண்ணலாகாது. அதிய்யிப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றிக் கேட்டபோது, ஆயுதத்தின் கூர்முனை கிழித்துக் கொன்றதை உண்ணலாம் என்றும், அதன் பக்கவாட்டு மோதிக் கொன்றது அடிபட்டுச் செத்ததே என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அடிபட்டுச் செத்தது ஹராம் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 3-ஆவது வசனத்தில் உள்ளது. ஈயக் குண்டு கூரால் அறுப்பதில்லை, வேகத்தால் தாக்குகிறது. எனவே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்கள் இதை அடிபட்டதாகவே கணிக்கின்றனர். குண்டும் உடலைத் துளைக்கிறதே என்று அனுமதித்த அறிஞர்களும் உண்டு. ஆயினும் நம் நாட்டு மக்கள் பின்பற்றும் இவ்விரு மத்ஹபுகளின் வழி மேற்சொன்னதே. சுடும்போது பிஸ்மி சொல்லியிருந்தாலும் இச்சட்டம் மாறாது.

இரண்டாவது புறா காயத்தோடு குட்டையில் விழுந்து, எடுக்கும்போது செத்திருந்தது. அம்பு பட்ட வேட்டைப் பிராணி தண்ணீரில் விழுந்து செத்தால், கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாததால் உண்ண வேண்டாம் என்பது நபிமொழி. அம்புக்கே இந்த நிலை என்றால் குண்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா!

மூன்றாவது புறா உயிரோடு துடித்தது. நண்பர் பிஸ்மி சொல்லி, கூரிய கத்தியால் மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் முழுமையாக அறுத்தார். அறுக்கும் வேளையில் நிலையான உயிர் அதில் இருந்ததால் இந்த இறைச்சி ஹலால்.

நான்காவதும் முறைப்படி அறுக்கப்பட்டதே. ஆனால் அதன் காலில் வளையம் இருந்தது. யாரோ கூண்டு கட்டி வளர்த்த புறா! உரிமையாளர் அனுமதியின்றி அதை உண்ணக்கூடாது. அவரைத் தேடிக் கண்டு இறைச்சியை ஒப்படைப்பதோடு, உயிருள்ள புறாவின் விலையில் ஏற்பட்ட குறைவையும் ஈடு செய்ய வேண்டும். அல்லது அவர் மனமுவந்து விட்டுத்தர வேண்டும்.

ஆக, நான்கில் தயக்கமின்றிச் சட்டிக்குப் போகக்கூடியது ஒன்றே. அந்த ஒன்றிலும் வேறொரு குற்றம் சேர்ந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991-இல் வந்த திருத்தமும் காட்டுப் பறவை வேட்டைக்குத் தடை விதித்துள்ளன. இப்பகுதிக்கு வடக்கே மரக்காணம் உப்பளங்கள் வரை நீளும் கழுவேலி நீர்நிலை 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. அறுப்பு சரியானதால் இறைச்சி ஹலாலாகலாம். நாட்டுச் சட்டத்தை மீறிய குற்றம் அதனால் நீங்காது.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். புறா ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் இரண்டே முட்டை இடும். ஆணும் பெண்ணுமாகத் தம் தொண்டைப்பையில் ஊறும் பாலை ஊட்டிக் குஞ்சுகளை வளர்க்கின்றன. தாயைச் சுட்டால் கூட்டிலுள்ளவற்றின் கதி என்ன? குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த ஒரு பறவையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவற்றைத் தாயிடமே திருப்பி விடும்படி கட்டளையிட்டார்கள். உயிருள்ளதைக் குறி பார்த்துப் பழகும் இலக்காக்குவோரை அவர்கள் சபித்துமிருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காகத் துப்பாக்கி தூக்கும் இளைஞர்கள் இதை மனத்தில் இருத்துவார்களாக!

புறாக்கறி உண்ண ஆசையா? வளர்ப்புப் புறாவை விலை கொடுத்து வாங்கி, வீட்டிலேயே பிஸ்மி சொல்லி அறுத்துச் சமையுங்கள். அதில் சந்தேகமும் இல்லை, பிறர் உரிமையும் இல்லை. ஹலாலானதையே தேடி உண்ணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.