ஸ்குவிட் ப்ராக்சி: ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு?

வீட்டிலோ சிறிய அலுவலகத்திலோ ஐந்தாறு கம்ப்யூட்டர்கள் ஒரே இன்டர்நெட் இணைப்பைப் பகிர்ந்து கொள்கின்றனவா? பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸையும் ஸ்குவிட்டையும் நிறுவினால் கேஷ் சர்வர் தயார். ஒருவர் டவுன்லோட் செய்த ஃபைலை அடுத்தவர் கேட்கும்போது, ஸ்குவிட் அதைத் தன் டிஸ்க்கிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். 1996-ல் வெளிவந்த இந்த சாஃப்ட்வேர் இலவசம்.

டிஸ்க் பெரிதானால் வேகம் கூடும் என்று நினைத்து, 500 ஜிபி முழுவதையும் கேஷுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. சிக்கல் அங்கேதான். டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு குறிப்பை ஸ்குவிட் ராமில் வைத்திருக்கும். 64 பிட் சிஸ்டத்தில் 1 ஜிபி கேஷுக்குச் சுமார் 14 எம்பி ராம் வேண்டும். அப்படியானால் 500 ஜிபிக்கு 7,000 எம்பி! ராம் 2 ஜிபிதான் என்றால், கேஷ் நிரம்ப நிரம்ப சிஸ்டம் ஸ்வாப்பில் இறங்கிவிடும். ப்ராக்சி இல்லாமல் இருந்ததைவிட இன்டர்நெட் மந்தமாகும்.

சரியான கணக்கு இதுதான்:

1. கேஷ் ஆகக்கூடிய டவுன்லோட் ஒரு நாளைக்கு 5 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு 35 ஜிபி. டிஸ்க்கில் இவ்வளவு ஒதுக்கினால் போதும்.

2. இதற்கான குறிப்புகளுக்கு 35 x 14 = 490 எம்பி ராம்.

3. அடிக்கடி கேட்கப்படும் ஃபைல்களுக்கான கேஷ் மெமரி 256 எம்பி. இதுவே ஸ்குவிட் எடுக்கும் மொத்த ராம் என்று எண்ண வேண்டாம்.

4. இதர வேலைகளுக்கு 20 எம்பி. மொத்தம் 766 எம்பி. 2 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் இதைத் தாங்கும்.

கேஷ் உள்ள பார்ட்டிஷனில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ் முறையில் இயங்குகின்றன. அவற்றைச் சாதாரண ப்ராக்சி கடத்திவிடுமே தவிர, சேமிக்காது. எனவே ஹெச்டிடிபி டவுன்லோடை மட்டும் கணக்கில் எடுங்கள். டெபியன், உபுன்டு அப்டேட்கள் இதற்கு நல்ல உதாரணம். ஆனால் 4 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஸ்குவிட் தானாக டிஸ்க்கில் சேமிக்காது; அந்த வரம்பை 200 எம்பி அளவுக்கு உயர்த்துங்கள்.

டிஸ்க் வாங்கக் கடைக்குப் போகும் முன் ராமைப் பாருங்கள்!