பழத்தை வெட்டிப் பார்த்துக் குடும்பத்தை அறிவோம்
வில்லோ குடும்பத்துக் காய், கனி, விதைகள் பற்றிய ஒரு பாடம்



இந்தத் தடவை நாம் படிக்கப்போவது ஒரு தாவரக் குடும்பத்தைப் பற்றி. "வில்லோ குடும்பமா? அது வெள்ளைக்காரன் நாட்டு மரமாச்சே, நமக்கு என்னத்துக்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

1970களின் பஞ்ச காலத்திலும், 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகும் மலையகத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. ஆகவே நம் லயங்களில் பல வீட்டுக்கு வன்னியில் ஒரு மாமாவோ சித்தியோ பெரியப்பாவோ இருக்கிறார்கள். பள்ளிக்கூட லீவு விட்டால் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். தேயிலை மலையில் வளர்ந்த பிள்ளைக்கு வன்னிக் காடு புதுசு. பற்றைக்குள்ளே கறுத்துப் பழுத்துக் கிடக்கும் பழத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? எது தின்னக்கூடியது, எது உயிருக்கு ஆபத்து என்று தெரியாமல் வாயில் போட்டால் விபரீதம். அதனால்தான் இந்தப் பாடம்.

வில்லோ யார்? அதன் சொந்தக்காரர் யார்?

நம் பிள்ளைகள் விளையாடும் கிரிக்கெட்டில், நல்ல மட்டை எல்லாம் வில்லோ மரத்தில் செய்வதுதான். அஸ்பிரின் மாத்திரையில் உள்ள மருந்தோடு தொடர்புடைய சாலிசிலிக் என்ற சொல்லும் இந்த மரத்தின் லத்தீன் பெயரான சாலிக்ஸ் என்பதிலிருந்து வந்தது. இந்தியாவின் ஆற்றங்கரைகளில் வளரும் ஆற்றுப்பாலையும் ஒரு வில்லோதான்.

முன்பெல்லாம் தாவரவியல் புத்தகங்களில் வில்லோவையும் பொப்லார் மரத்தையும் மட்டுமே இந்தக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். பிறகு மரபணுவை வைத்துச் செடிகளின் உறவைப் பார்க்கும் முறை வந்தது. அப்படி 2003இல் வெளியான வகைப்படுத்தலில், வேறு குடும்பமாக எண்ணப்பட்டிருந்த பிளக்கோர்ஷியா இனமும் அதன் கூட்டாளிகள் பலவும் வில்லோவோடு ஒரே குடும்பத்துக்குள் வந்துவிட்டன. வன்னியின் உலர்ந்த பற்றைக் காட்டில் நிற்கும் சொத்தைக்களா, நம்மூர் வீட்டுத்தோட்டத்து லொவி, கெட்டம்பில்லா எல்லாம் அப்படித்தான் வில்லோவுக்குச் சொந்தமாயின.

மூன்று விதமான காய்

ஒரே குடும்பமென்றாலும் காயைப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று சொல்லமுடியாது. மூன்று விதமாகப் பிரித்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1. பஞ்சு விதை. வில்லோவின் காய் மிகச் சிறியது. முற்றியதும் காய்ந்து இரண்டு பிளவாக வெடிக்கும். உள்ளே பொடிப்பொடியான விதைகள். ஒவ்வொன்றின் அடியிலும் பட்டுப்போன்ற பஞ்சுக் கற்றை. காற்றில் பறந்து போகத்தான் இந்த ஏற்பாடு. எருக்கம் விதையிலும் பஞ்சு இருக்கிறதே என்பீர்கள். எருக்கில் காய் பெரியது, உடைத்தால் பால் வடியும், விதை தட்டையாக இருக்கும். வில்லோவில் பால் கிடையாது. வில்லோ விதைக்கு ஆயுசும் குறைவு. ஈரமண் கிடைக்காவிட்டால் சில நாட்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில் செத்துவிடும்.

2. மேலாடை போட்ட விதை. கசேரியா என்ற இனம் இப்படி. தமிழ்நாட்டில் கடிச்சை என்பது இந்த இனத்து மரம்தான். காய் முற்றினால் மூன்று பிளவாகத் திறக்கும். உள்ளே இருக்கும் விதையைச் சதைபோன்ற ஒரு நிறமான உறை மூடியிருக்கும். சாதிக்காயைச் சுற்றிச் சாதிபத்திரி இருக்கிறதல்லவா, அதே மாதிரி. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் பறவை வரும். கடிச்சைக் காயை இடித்துத் தண்ணீரில் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இந்தியாவில் உண்டு. ஆகவே இது மனிதர் தின்னும் காய் அல்ல.

3. சதைக்குள் பல விதை. சொத்தைக்களா, லொவி, கெட்டம்பில்லா மூன்றும் இந்த வகை. பழம் வெடிக்காது. சதையும் சாறுமாக இருக்கும். நம் பிள்ளைகளின் கையில் அகப்படுவது இதுதான். ஆகவே இதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

சொத்தைக்களாவை எப்படி அடையாளம் காண்பது?

சிங்களத்தில் இதை உகுரஸ்ஸ என்பார்கள். தமிழில் ஊருக்கு ஊர் பெயர் மாறும். வன்னியில் உங்கள் சொந்தக்காரரின் ஊரில் என்ன பெயர் என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பெயர் மாறினாலும் அடையாளம் மாறாது.

பற்றையாகவோ சிறு மரமாகவோ நிற்கும். கூரான முள் இருக்கும். இலை ஒன்றுவிட்டு ஒன்றாக, மாறி மாறி இருக்கும். இலையின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டு. தளிர் சிவந்திருக்கும். பழம் உருண்டை. முதலில் பச்சை, பிறகு சிவப்பு, நன்றாகப் பழுத்தால் கருஞ்சிவப்பு. காம்புக்கு எதிர்ப்பக்கம், பழத்தின் உச்சியில் உற்றுப்பாருங்கள். சின்னச் சின்ன முனைகள் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பூவின் சூல்தண்டுகள் காய்ந்து நின்றுபோன மிச்சம் அது. குறுக்கே வெட்டினால் ஒரு கொட்டை அல்ல, பல தட்டையான விதைகள் சதைக்குள் இருக்கும். பழத்தை உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டினால் மெதுமெதுப்பாகும், துவர்ப்பும் குறையும். புளிப்பும் இனிப்புமாகத் தின்னலாம்.

லொவியை நம்மில் பலருக்குத் தெரியும். அச்சாறு போடுவோம், ஜாம் காய்ச்சுவோம். அந்த மரத்தில் முள் இல்லை. பழம் பளிச்சென்ற சிவப்பு, புளிப்போ சொல்லி முடியாது. கெட்டம்பில்லாவுக்கு முள் உண்டு. ஊதா நிறப் பழத்தின்மேல் வெல்வெட் துணிபோல மெல்லிய மயிர் படிந்திருக்கும். விதையிலும் மயிர் இருக்கும். காம்புப் பக்கத்தில் புல்லி இதழ் நட்சத்திரம்போல ஒட்டியிருக்கும்.

ஒரு விஷயம். சொத்தைக்களாவிலும் கெட்டம்பில்லாவிலும் பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. வில்லோவும் அப்படித்தான். "பத்து வருசமா நிக்குது, ஒரு காய் காய்க்கல" என்று சொல்லி மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அது ஆண் மரமாக இருக்கலாம். அதை வெட்டினால் பக்கத்திலுள்ள பெண் மரமும் காய்க்காமல் போகலாம். லொவிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் பூவிலே இரண்டும் இருக்கிறது.

மாறிப்போகக்கூடிய பழங்கள்

கிளா: இதற்கும் முள் உண்டு, பழமும் கறுக்கும். ஆனால் இலைகள் எதிர் எதிராகச் சோடியாக இருக்கும். கிள்ளினால் பால் வரும். தின்னக்கூடியதுதான், ஆனால் வில்லோ குடும்பம் அல்ல.

சூரை: கறுப்பாகப் பளபளக்கும் சிறு பழம். உள்ளே ஒரே கொட்டை.

பாலை: வன்னியின் பெயர்பெற்ற மஞ்சள் பழம். பால் பிசுபிசுக்கும். விதை வழுவழுப்பாக மின்னும். பாலைப்பழம் கரடிக்கும் ரொம்பப் பிடிக்கும். பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள் தனியே காட்டுக்குள் போகவே கூடாது.

இனி வருவது நஞ்சு. கவனமாகப் படியுங்கள்.

மஞ்சள் அலரி: வேலியில் நிற்கும். பச்சைக் காய், கிள்ளினால் பால். உள்ளே கடினமான ஒரே கொட்டை. அதன் விதை இதயத்தை நிறுத்திவிடக்கூடியது.

காஞ்சிரை: தோடம்பழம்போல உருண்டு, பழுத்தால் செம்மஞ்சளாகும். ஓடு கடினம். விதை சட்டைப் பொத்தானைப்போலத் தட்டை வட்டம். வலிப்பு வந்து உயிர் போகும்.

குன்றிமணி: சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அழகான விதை. மாலை கோக்க நன்றாயிருக்கும், கடித்தால் ஆபத்து.

ஐந்து கேள்வி

பழத்தைக் கண்டதும் இந்த வரிசையில் கேளுங்கள். இலை மாறி மாறியா, சோடியாகவா? கிள்ளினால் பால் வருகிறதா? பழத்தின் உச்சியில் என்ன இருக்கிறது, காம்புப் பக்கத்தில் என்ன இருக்கிறது? குறுக்கே வெட்டினால் எத்தனை விதை? விதை தட்டையா, உருண்டையா, மயிர் உள்ளதா? ஐந்துக்கும் விடை பொருந்தினாலும், ஊர்ப் பெரியவர் ஒருவர் "இது திங்கிற பழம்தான்" என்று சொன்ன பிறகே வாயில் வைக்கவேண்டும். "குருவி தின்னுது, அப்ப நாமளும் தின்னலாம்" என்ற பேச்சு வேண்டாம். குருவிக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ளும் என்று கிடையாது.

பிள்ளை தெரியாத பழத்தைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள். வாயில் மிச்சமிருப்பதைத் துப்பச் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். தின்ற பழத்தில் ஒன்றையும், இலையோடு ஒரு கொப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டொக்டருக்கு அது பெரிய உதவி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வன்னியில் யுத்தம் நடந்த மண் அது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை தெரிந்தால், அந்தப் பக்கத்தில் எவ்வளவு நல்ல பழம் தொங்கினாலும் காலடி வைக்காதீர்கள். ஊராட்கள் நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள்.

வீட்டுப் பாடம்

நம் தோட்டத்தில் லொவியோ கெட்டம்பில்லாவோ நின்றால் ஒரு பழத்தைப் பிள்ளைகள் முன்னால் வெட்டுங்கள். விதையை எண்ணச் சொல்லுங்கள். கழுவிக் காயவைத்து ஒரு மட்டையில் ஒட்டி, பெயர், இடம், திகதி எழுதுங்கள். வன்னிக்குப் போகும்போது அந்த மட்டையைக் கையோடு கொண்டுபோய், அங்கே பெரியவர் காட்டித்தரும் சொத்தைக்களா விதையை அதன் பக்கத்தில் ஒட்டுங்கள். மலையில் ஒரு விதை, வன்னியில் ஒரு விதை, இரண்டும் ஒரே குடும்பம் என்று பிள்ளைக்குத் தானாகவே விளங்கும்.