புதுக் கல்லீரலும் புதிதாக வரும் சர்க்கரையும்

கடைப் பேரேட்டை வரிவரியாகப் பார்க்கும் நாம், உடம்பின் கணக்கை மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கிறோம். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அப்படித் தள்ளிவைக்க முடியாது. இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது.

அதுவரை சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் கல்லீரல் மாற்றிய பின் அது புதிதாக வரக்கூடும். "இனிப்பையே தொடுவதில்லையே!" என்று வீட்டில் குழம்புவார்கள். காரணம் சாப்பாட்டில் மட்டும் இல்லை, மருந்திலும் இருக்கிறது.

ஏன் வருகிறது?

பிறர் தந்த கல்லீரலை நம் உடம்பு அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கும். அதை அடக்கப் பெரும்பாலும் தரப்படும் மருந்து டாக்ரோலிமஸ். 1984-ல் ஜப்பானிய மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்டு, 1994-ல் அமெரிக்காவில் கல்லீரல் மாற்றுக்கு அனுமதி பெற்றது. பல உயிர்களைக் காத்த மருந்துதான். ஆனால் கணையத்தில் இன்சுலின் சுரப்பதைக் குறைக்கிறது. தொடக்கத்தில் உடன் தரப்படும் ஸ்டீராய்டோ, சுரந்த இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. வரவும் குறைந்து, கையிலுள்ள பணமும் செல்லாமல் போனால் கடை என்னாகும்?

வயது கூடியவர், உடல் பருத்தவர், பெற்றோருக்குச் சர்க்கரை உள்ளவர், ஹெபடைடிஸ் சி கிருமியால் கல்லீரல் கெட்டவர் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். முதல் ஆண்டில் கூடுதல் கவனம் தேவை.

எப்போது பார்ப்பது?

வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் காலையில் ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு விடியற்காலை அளவு சரியாக இருந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் மாலையிலும் ஏறி நிற்கலாம். காலைச் சோதனையை மட்டும் நம்புவது, கடை திறக்கும்போது சரக்கை எண்ணிவிட்டு, இரவில் கல்லாவை எண்ணாமல் பூட்டுவது போன்றது. மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையும், முதல் சில மாதங்களில் ரத்தசோகையாலும் ரத்தம் ஏற்றியதாலும் தவறாகக் காட்டலாம். எனவே பிற்பகல் சோதனையையும் டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

1. மாத்திரையால்தான் சர்க்கரை வந்தது என்று தெரிந்ததும் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். உடம்பு புதுக் கல்லீரலை நிராகரித்துவிடும். அளவை மாற்றுவதும், வேறு மருந்து தருவதும், இன்சுலின் சேர்ப்பதும் டாக்டரின் வேலை.

2. பம்ளிமாஸ், கிரேப் பழம் வேண்டாம். ரத்தத்தில் இம்மருந்தின் அளவைக் கூட்டிவிடும்.

3. நம் கடையிலேயே விற்கும் பொடியானாலும், சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

4. வியாபார மும்முரத்தில் சாப்பாட்டு வேளையையும் மாத்திரை வேளையையும் தவற விடாதீர்கள்.

ஸ்டீராய்டு குறையக் குறையப் பலருக்குச் சர்க்கரையும் இறங்கிவிடுகிறது. இறங்காதவரும் கட்டுப்பாட்டோடு நலமாக வாழலாம். இறந்தவர் குடும்பம் மனமுவந்து தந்ததோ, பெற்ற பிள்ளை தன் உடம்பிலிருந்து பகுத்துத் தந்ததோ, அந்தக் கல்லீரல் விலைக்கு வாங்க முடியாத முதல். அந்த முதலைக் காப்பது நம் கடமை.